பேசி வச்ச ஆட்டம்

உள்ள வா கண்ணு. செருப்பை வெளியில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும், கையோட எடுத்துட்டு வந்து கதவுக்குப் பின்னாடி வையி. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி உக்காரு. இப்போ சொல்லு. உன்னை யாரு அனுப்புனா?

சங்கம்னு போன்லயே சொன்னே. சங்கம்னா அதுல ஒரு ஆளு இருப்பாருல்ல? அந்த ஆளுக்கு என் பேரு எப்படித் தெரியும்? நான் ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. அது ஊருக்குத் தெரியும், சரி. அதுக்கு முன்னாடி நான் சம்பளத்துக்கு பாஸ்கெட்பால் ஆடினவன்னு இந்தச் சேலத்துல ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொன்னதில்லை. எங்க வீட்டுக்காரரும் சொல்ற ஆளு இல்லை. அப்படி இருக்க, திடீர்னு ஒரு பொண்ணு போன் பண்ணி, "பிலோமினா மேடம், காசு வாங்கிக்கிட்டு ஆடின முதல் தமிழ்ப் பொண்ணு நீங்கதான், மேடையில ஏத்திப் பொன்னாடை போத்தப் போறோம்"னா நான் அதை என்னன்னு எடுத்துக்கிறது?

காண்ட்ராக்டர் மருதப்பன்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் மகனோ மருமகனோ யாராச்சும் உங்க சங்கத்துல இருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இல்லையா? "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லை"ன்னா அது பதில் இல்லை கண்ணு. சரி விடு.

காபி குடி. அவரு மருந்துக் கடைக்குப் போயிருக்காரு, சுகர் மாத்திரை வாங்க. அவர் வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் நீயே முடிவு பண்ணு, எனக்குப் பொன்னாடை போத்தலாமா வேணாமான்னு.

நான் திண்டுக்கல்காரி. எங்கப்பா தோல் ஷாப்புல வேலை பாத்தாரு. என்னைக் கான்வென்ட்டுல சேத்தாங்க. எட்டாவது படிக்கும்போதே நான் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரை விட உயரம். வளர்ந்து வளர்ந்து ஆறடிக்கு ரெண்டு விரக்கடை கம்மியில வந்து நின்னுச்சு. தெருவுல நடந்தா பசங்க, "அக்கா, அங்க மழை பெய்யுதா?"ன்னு கேப்பானுங்க. எங்கம்மாவுக்கு ஒரே அழுகை. "இவளுக்கு மாப்பிள்ளைய நான் பனைமரத்துல ஏறித்தான் தேடணும்"னு சொல்லிக்கிட்டே இருக்கும்.

கான்வென்ட்டுல பாஸ்கெட்பால் கோர்ட்டு இருந்துச்சு. என் உயரம் ஒரு உதவின்னு ஆனது அந்த ஒரு இடத்துலதான். ரிங்குக்குக் கீழ நான் போய் நின்னு கையைத் தூக்கினா மத்தவளுக வேடிக்கைதான் பாக்கணும். சொல்லிக் குடுத்தது டாரத்தி டீச்சர். போத்தனூர் ஆங்கிலோ இந்தியன் அம்மா. பொண்ணோ பையனோ எல்லாரையும் "மேன்"னுதான் கூப்பிடும். "உயரம் இருந்தாப் போதாது மேன், கை வேணும்"னு சொல்லி, எனக்குன்னு ஒரு ஷாட் பழக்கி விட்டுச்சு. ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்னு, பக்கவாட்டுல திரும்பி, ஒத்தக் கையால தலைக்கு மேல வளைச்சுப் போடுறது. அதைத் தடுக்கணும்னா எதிராளி ஏணி வச்சுத்தான் ஏறணும்.

எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு வீட்டுல சும்மா கிடந்தப்பத்தான் மருதப்பன் வந்தாரு. ஊர் ஊராப் பொருட்காட்சி போடுற ஆளு. மதுரை, திருச்சி, சேலம், ஈரோடுன்னு ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளக் கடை எல்லாத்தையும் லாரியில ஏத்திக்கிட்டுச் சுத்துவாரு. ஸ்கூல் விழாவுல பழைய மாணவிகள் ஆட்டத்துல என்னைப் பாத்துருக்காரு. நேரா வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, "உங்க பொண்ணை எங்க பொருட்காட்சியில சேத்து விடுங்க"ன்னாரு. எங்கம்மா என்ன நெனச்சுச்சோ, விளக்கமாத்தை எடுத்துருச்சு.

அப்புறம்தான் விவரம் சொன்னாரு. பொம்பளைப் புள்ளைங்களா ஒரு பாஸ்கெட்பால் டீம். ஒவ்வொரு ஊர்லயும் அந்த ஊர் ஆம்பளை டீமோட ஆடணும். டிக்கெட் போட்டுக் கூட்டம் சேக்கிறது. "மரணக் கிணத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டுறவனைப் பாக்க வர்ற சனம், ஆம்பளையைத் தோக்கடிக்கிற பொண்ணைப் பாக்க வராதாம்மா?"ன்னாரு. மாசச் சம்பளம். தங்க இடம். கூட டாரத்தி டீச்சரே வரும், ஸ்கூல் வேலையை விட்டுட்டு. டீச்சர் வருதுன்னதும் அம்மா விளக்கமாத்தைக் கீழ வச்சுச்சு.

எனக்கு அன்னைக்கே உறுத்தல்தான். பந்து விளையாடுறதுக்கு எதுக்குய்யா சம்பளம்? அதுவும் சொன்ன தேதியில கரெக்டா கைக்கு வருது. தோல் ஷாப்புல எங்கப்பாவுக்கு ஒரு மாசமாச்சும் சொன்ன தேதிக்குச் சம்பளம் வந்ததில்லை. இந்தாளு மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்கா இருக்காருன்னு நான் டீச்சர்கிட்டயே கேட்டேன். டீச்சர் தலையில அடிச்சுக்கிச்சு.

எட்டுப் பேரு நாங்க. செவப்பு பனியன், முட்டி வரைக்கும் நீல டவுசர். எனக்கு நெருக்கமா இருந்தவ தங்கபுஷ்பம்னு தூத்துக்குடிப் பொண்ணு. என் தோள் உயரம் கூட இருக்க மாட்டா. ஆனா பந்தோட அவ ஓடினா அணில் மாதிரி, ஆளுங்களுக்கு நடுவுல எந்தச் சந்துல புகுந்தான்னே தெரியாது. அவ அப்பாவுக்குப் படகுல விழுந்து இடுப்பு போச்சு. அவ சம்பளத்துலதான் அங்க அடுப்பு எரிஞ்சுச்சு. அவ புகுந்து வந்து பாஸ் குடுப்பா, நான் கூடையில போடுவேன். அதுதான் எங்க டீமு, சுருக்கமாச் சொன்னா.

ராட்டினத்துக்கும் மரணக் கிணத்துக்கும் நடுவுல தரையை இடிச்சு, தண்ணி தெளிச்சு, ரோலர் ஓட்டிக் கோர்ட்டு போடுவாங்க. சுத்தி சவுக்குக் கட்டையில கேலரி. முதல் நாள் மதுரையில கூட்டம் எதுக்கு வந்துச்சுன்னு நெனக்கிறே? டவுசர் போட்ட பொண்ணுங்களைப் பாக்க. விசிலு, கூச்சல், காது குடுத்துக் கேக்க முடியாத பேச்சு. புஷ்பம் அழுதுட்டா. ஆனா ஆட்டம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல, புஷ்பம் ரெண்டு தடியனுங்களுக்கு நடுவுல நுழைஞ்சு வந்து எனக்குப் பந்தை விட்டா பாரு, நான் அப்படியே திரும்பிப் போட்டேன். கூச்சல் நின்னு போச்சு. அதுக்கப்புறம் வந்த விசிலு வேற விசிலு. அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும்ல? நீயும் ஆடினவதானே, போன்ல சொன்னியே. அன்னைக்கு நாங்க ஜெயிச்சோம். மறுநாளும் ஜெயிச்சோம். ஒரு கெழவரு கேலரியில இருந்து எறங்கி வந்து எனக்கு ஒரு முழம் மல்லிகைப் பூவைக் குடுத்துட்டு, "பேத்திக்கு வாங்கினேன் தாயி, பரவால்ல நீ வச்சுக்க"ன்னுட்டுப் போனாரு.

சந்தோஷமா இருந்தேன் கண்ணு. மூணு நாலு மாசம். அவ்வளவுதான், அதுக்கு மேல நீடிக்கல.

திருச்சியில நடந்தது சொல்றேன். ஆட்டத்துக்கு முன்னாடி நான் தண்ணி குடிக்கப் போறேன். கூடாரத்துக்குப் பின்னாடி மருதப்பன் அந்த ஊர் ஆம்பளை டீமை உக்கார வச்சு பிரியாணி போட்டுக்கிட்டு இருக்காரு. எங்களுக்கு ஆட்டம் முடிஞ்சாத்தான் சோறு. அவனுங்களுக்கு முன்னாடியே பிரியாணி. நான் அப்படியே நின்னேன். அந்தாளு சொல்றாரு, என் காதால கேட்டேன்: "பாத்து ஆடுங்கப்பா. பொம்பளைப் புள்ளைங்க." அவனுங்க தலையை ஆட்டிச் சிரிக்கிறானுங்க.

பாத்து ஆடுங்கப்பா. அதுக்கு என்ன அர்த்தம்? நீ சொல்லு. எனக்கு ஒரே அர்த்தம்தான் தோணுச்சு.

அன்னைக்கும் ஜெயிச்சோம். ஆனா நான் கூடையைப் பாக்கல, அவனுங்க காலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எவன் நிஜமா ஓடுறான், எவன் ஓடுற மாதிரி காட்டுறான்னு. ஒரு கட்டத்துல வேணும்னே பந்தை எதிராளி ஒருத்தன் கையில விட்டேன். சோதிச்சுப் பாக்கத்தான். அவன் நேரா ரிங்குக்குக் கீழ நிக்கிறான், பக்கத்துல ஆளே இல்லை. போட்டான். வெளிய போச்சு! பச்சப்புள்ள போடுற கூடை அது. அவன் மூஞ்சி செவந்து போச்சு. நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு.

டீச்சர்கிட்ட சொன்னேன். "நம்ம ஜெயிச்சதெல்லாம் பொய் டீச்சர். அவங்களுக்குப் பிரியாணி போட்டுத் தோக்கச் சொல்றாங்க."

டீச்சர், "நான் இருபது வருஷமா கேம் பாக்குறேன் மேன். தோக்கிறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? நீ உன் கேம் ஆடு"ன்னுச்சு.

டீச்சரும் சம்பளம் வாங்குது இல்லையா? அப்போ டீச்சர் வேற எப்படிப் பேசும்?

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. சோறு எறங்கல. கூடை போட்டாலும் கசக்குது, போடலேன்னாலும் கசக்குது. கேலரியில கை தட்டுறவனையெல்லாம் பாத்து, இவனுக்கும் சொல்லி வச்சிருப்பாங்களோன்னு தோணும். புஷ்பம், "அக்கா, உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு, கோயில்ல மந்திரிக்கணும்"னா. அவளுக்கு எது எப்படி இருந்தா என்ன, மாசம் பொறந்தா வீட்டுக்குப் பணம் போகணும்.

அப்படியே சேலம் வந்தோம். இங்கதான். இதே ஊரு.

சேலத்துல ஒரு மில் டீமு எங்களோட ஆடுச்சு. என்னைத் தடுக்கன்னு ஒருத்தரை விட்டாங்க. ஒல்லி. என் உயரம் இருப்பாரு, ஒரு விரக்கடை கூட இருந்தாலும் இருக்கும். பேரு இருதயராஜ். ஆமா, அவரேதான். இப்போ மாத்திரை வாங்கப் போயிருக்காரே, அவரு. நான் எங்க போனாலும் முன்னாடி வந்து நிக்கிறாரு. நான் திரும்புறதுக்குள்ள அவரும் திரும்புறாரு. என் ஷாட் எதுவும் ஏறல. முதல் தடவையா ஒருத்தரு என்னை நிஜமாவே தடுக்கிறாரோன்னு ஒரு எண்ணம் வந்துச்சு. கடைசி நிமிஷம். அவங்க ஒரு பாயிண்ட் மேல. புஷ்பம் பந்தை எனக்கு விட்டா. முதுகுல அவரு. திரும்பினேன், போட்டேன். விழுந்துச்சு. மணி அடிச்சாங்க. ஒரே ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம்.

கேலரி ஒடிஞ்சு விழாத குறை. ஆளுங்க என்னைத் தூக்க வர்றாங்க. நான் எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு நேரா அவர்கிட்டப் போனேன்.

"ஏங்க, உங்களுக்கும் பிரியாணிதானா? இல்லை வேற ஏதாச்சுமா?"

"என்னது?"

"விட்டுக் குடுக்கச் சொல்லி எப்போ சொன்னாரு? ஆட்டத்துக்கு முன்னாடியா, நடுவுலயா?"

அவரு என்னையே பாத்தாரு. "மில்லுல நாளைக்கு ஷிப்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு நான் நிக்கிறேன். நீங்க வேற ஏன் வெந்த புண்ணுல குத்துறீங்க?"

"அப்போ நாளைக்குக் காலையில வாங்க. கூட்டம் வேணாம், காண்ட்ராக்டர் வேணாம். நீங்களும் நானும் மட்டும் ஆடுவோம்."

வந்தாரு. விடிஞ்சதும் வந்து நின்னாரு. டாரத்தி டீச்சர் மட்டும் ஓரமா உக்காந்து பாத்துச்சு. ரெண்டு பேரும் ஆடினோம். அவரு ஜெயிச்சாரு.

பாத்தியா? அங்கதான் மாட்டிக்கிட்டாரு. காலையில என்னை ஜெயிக்கத் தெரிஞ்ச ஆளு, முந்தின நாள் எப்படித் தோத்தாரு? நான் அதைத்தான் கேட்டேன். அவரு, "நேத்து நீங்க நல்லா ஆடினீங்க. இன்னைக்கு நான் நல்லா ஆடினேன். விளையாட்டுன்னா அப்படித்தாங்க"ன்னாரு. இது ஒரு பதிலா?

அதுக்கப்புறம் நாங்க ஈரோடு போனோம். ஞாயித்துக்கிழமை பாத்தா அங்க வந்து நிக்கிறாரு. "ஒரு ஆட்டம் ஆடலாமா?"ங்கிறாரு. ஆடினோம், நான் ஜெயிச்சேன். அடுத்த ஞாயிறு திருப்பூர்ல வந்து நிக்கிறாரு. அவரு ஜெயிச்சாரு. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு, இது காண்ட்ராக்டர் அனுப்புற உளவு. நான் யார்கிட்ட என்ன பேசுறேன்னு பாக்க வர்றாரு. இல்லேன்னா மில்லுல ஒருவாரம் நின்னு வேலை பாத்த மனுசன், லீவு நாள்ல தூங்காம எதுக்கு பஸ் ஏறி வரணும்? ஒரு தடவை சேலத்து மாம்பழம் ஒரு பை கொண்டு வந்தாரு. டீச்சரும் புஷ்பமும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டாங்க. நான் ஒரு பழம் கூடத் தொடல.

கோயம்புத்தூர்ல முடிஞ்சுச்சு எல்லாம். அதைச் சொல்றேன்.

அங்க கூட்டம் ரொம்பப் பெருசு. எதிர்த்து ஆடுனது ஒரு கிளப்புப் பசங்க. ஆட்டத்துக்கு முன்னாடி மறுபடி அதே கூடாரம், அதே பிரியாணி. எனக்குப் பொறுக்கல. பொருட்காட்சியில ஒரு மைக் இருக்கும்ல, காணாமப் போன குழந்தைங்களைப் பத்திச் சொல்றதுக்கு? நேராப் போய் அதைப் பிடுங்கிட்டேன். "இதுவரைக்கும் நாங்க ஜெயிச்ச ஆட்டமெல்லாம் பேசி வச்ச ஆட்டம். இன்னைக்கு எங்களோட ஆடுற அண்ணன்மாருங்க ஆம்பளைங்களா இருந்தா நிஜமா ஆடட்டும். எங்களுக்கு எந்தப் பாவ புண்ணியமும் பாக்க வேணாம்"னு சொல்லிட்டேன்.

ராட்டினத்துல இருந்தவங்க கூடக் கத்தினாங்க. அந்த டீம் கேப்டன் ஓடி வந்து, "அக்கா, எங்ககிட்ட யாரும் தோக்கச் சொல்லலக்கா, சத்தியமா"ன்னான். எப்படிப் பழக்கி வச்சிருக்காங்க பாரு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் அப்படி ஒரு ஆட்டம் நான் ஆடினதில்லை. இடிக்கிறானுங்க, தள்ளுறானுங்க, முழங்கையை நெஞ்சுல வைக்கிறானுங்க. கூட்டம் "ஆம்பளையா, ஆம்பளையா"ன்னு கத்தக் கத்த அவனுங்களுக்கு வெறி ஏறுது. நானும் விடல. போடுறேன், போடுறேன், போட்டுக்கிட்டே இருக்கேன். பாதி ஆட்டம் தாண்டி புஷ்பம் அவ வழக்கப்படி ரெண்டு பேருக்கு நடுவுல நுழைஞ்சா. இந்தத் தடவை சந்து விடல. ஒருத்தன் தோளால மோதினான். அவ போய் கேலரிக் கட்டையில விழுந்தா. மணிக்கட்டு உடைஞ்சுது. சத்தம் எனக்கே கேட்டுச்சு.

அவளைத் தூக்கிட்டு ரிக்‌ஷாவுக்கு ஓடினது யாருன்னு நெனக்கிறே? இருதயராஜ். அன்னைக்கும் கேலரியில வந்து உக்காந்துருக்காரு. எங்க போனாலும் அவருக்குன்னு சரியா ஒரு வேலை வந்து சேருது பாரு.

மிச்ச ஆட்டத்தை ஆடி முடிச்சோம். நாலு பாயிண்ட்ல தோத்தோம். அதோட நின்னுச்சா? "அப்போ இத்தனை நாள் பொய் ஆட்டத்துக்கா டிக்கெட் வாங்கினே?"ன்னு சனம் கேலரியை ஒடைக்க ஆரம்பிச்சுருச்சு. அப்பளக் கடை எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து தீப்பிடிக்கப் பாத்துச்சு. போலீசு வந்துதான் கலைச்சாங்க.

ஆஸ்பத்திரி வராந்தாவுல மருதப்பன் என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. சட்டை கிழிஞ்சு இருந்துச்சு. திட்டுவாருன்னு பாத்தேன். திட்டல.

"ஏன்ம்மா, நான் அவங்களுக்கு பிரியாணி வாங்கிப் போட்டது எதுக்குன்னு ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"ன்னாரு. "மோதாம ஆடுங்கப்பான்னு கேட்டுக்கத்தான். ஓடுங்க, எம்புங்க, ஜெயிச்சா ஜெயிச்சுக்கோங்க, உடம்புல மட்டும் மோதாதீங்கன்னு. ஊரான் வீட்டுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்துருக்கேன். கை காலு ஒடிஞ்சா உங்கம்மா முன்னாடி நான் எப்படிப் போய் நிப்பேன்?"

அவ்வளவு உருக்கமாச் சொன்னாரு. நான் நம்பல. வியாபாரிக்குப் பேச்சு வராதா? நீ ஏன் கண்ணு அப்படிப் பாக்குறே? நீ நம்புறியா? நீ சின்னப் பொண்ணு. உனக்கு இன்னும் ஆளுங்க பழக்கம் பத்தாது.

டாரத்தி டீச்சரும் வந்துச்சு. "நாலு பாயிண்ட், மேன்"ன்னுச்சு. "அஞ்சு ஆம்பளைங்க உயிரைக் கொடுத்து, இடிச்சு மோதி ஆடி, புஷ்பமும் இல்லாம, உங்களை நாலே பாயிண்ட்லதான் ஜெயிக்க முடிஞ்சுது. இது போதலையா உனக்கு? அப்போ இதுக்கு முன்னாடி ஜெயிச்சதும் நிஜம்னு தெரியலையா?"

"புஷ்பம் விழுந்ததும் அவங்க பாவம் பாத்துக் குறைச்சு ஆடிருப்பாங்க டீச்சர்"னேன்.

டீச்சர், "காட் ஹெல்ப் யூ"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

டீமு அதோட கலைஞ்சுது. காண்ட்ராக்டர் பொருட்காட்சியில வேற எதையோ கொண்டு வந்தாரு, ஒட்டகமோ என்னமோ. என்னாலதான் கலைஞ்சுதுன்னு மத்தவளுக பேசிக்கிட்டாங்களாம். எனக்கென்னமோ அந்தாளு அதுக்கு முன்னாடியே மூடிடத் தீர்மானம் பண்ணி, என்னைச் சாக்காக்கிக்கிட்டாருன்னுதான் தோணுது. புஷ்பத்துக்குக் கை சரியாக் கூடல. தூத்துக்குடிக்கே போயிட்டா, உப்பளத்துல வேலைக்குப் போறான்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு வேளாங்கண்ணியில பாத்தேன். "புஷ்பம்"னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா. அவளேதான். அப்படியே கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு போயிட்டா. என்ன கோபமோ தெரியல. நான் நல்லா இருக்கேன்னு பொறாமையா இருக்கும்.

ம். இரு. தண்ணி குடிச்சுக்கிறேன்.

அப்புறம் இவரு பொண்ணு கேட்டு வந்தாரு. எங்கம்மா வாசல்ல அவரைப் பாத்ததும், தலை நிலையில இடிச்சுதே அதைப் பாத்ததும், சிலுவை போட்டுக்கிச்சு. நான் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன், "எதுக்கு என்னைக் கட்டிக்கணும்? யாரு சொல்லி வந்தீங்க?"ன்னு. "எங்க வீட்டுல பரண் மேல இருந்து சாமான் எடுக்க ஆளு இல்லை"ன்னாரு. இதுவும் ஒரு பதிலா? ஆனாலும் கட்டிக்கிட்டேன். டாரத்தி டீச்சர் போத்தனூர்ல இருந்து கேக் செஞ்சு எடுத்துட்டு வந்துச்சு.

கல்யாணத்தன்னைக்குக் கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னைக்குச் சேலத்துல விட்டுக் குடுத்தீங்களா?" "இல்லை பிலோமி." மூத்தவன் பொறந்தப்பக் கேட்டேன். மில்லு மூடிக் கதவுல பூட்டுப் போட்டப்ப, இனிமே மறைக்க என்ன இருக்குன்னு கேட்டேன். அவருக்குக் கண் ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்பக் கூடக் கேட்டேன். "இல்லை பிலோமி, இல்லை." இத்தனை வருஷமா அந்த ஒரே பதில்தான். உண்மையா இருந்தா ஒரு தடவையாச்சும் கோவம் வரணும்ல? ஒரு தடவை கூட அவருக்குக் கோவம் வரலையே. அதுதான் எனக்குச் சந்தேகம்.

மதுரை போகட்டும், திருச்சி போகட்டும். எனக்கு அந்தச் சேலத்துக் கூடை ஒண்ணு போதும். அது நிஜம்னா நான் ஒரு ஆட்டக்காரி. அது பொய்யின்னா, ஒட்டகத்துக்கு முன்னாடி காண்ட்ராக்டர் காட்டுன இன்னொரு வேடிக்கை, அவ்வளவுதான். வேடிக்கைப் பொருளுக்கு எதுக்கு கண்ணு பொன்னாடை? அதனாலதான் விழாவுக்கு வரமாட்டேன்னு போன்லயே சொன்னேன்.

இந்தா, வாசல் கேட்டு திறக்கிற சத்தம். அவருதான்.

வாங்க. மாத்திரை கிடைச்சுதா? அதே கம்பெனியா? மாத்திக் கீத்திக் குடுத்துறப் போறான், குடுங்க பாக்குறேன். இது சங்கத்துல இருந்து வந்துருக்கிற பொண்ணு. எல்லாம் சொல்லிட்டேன். கண்ணு, கேக்கணும்னு நெனச்சா நீயே கேளு. நான் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன். மூணாவது மனுசி கேட்டா என்ன சொல்றாருன்னு பாப்போம். கேளு, தைரியமாக் கேளு.

...

என்ன சொன்னீங்க?

ஆமாவா? எது ஆமா?

விட்டுக் குடுத்தீங்களா? இத்தனை வருஷமா இல்லை இல்லைன்னு சொல்லிட்டு, முன்னப் பின்னத் தெரியாத ஒரு பொண்ணு கேட்டதும் ஆமாங்கிறீங்களா? "எனக்கும் வயசாயிருச்சு, நீ கேட்ட பதிலையே சொல்லிட்டுப் போறேன்"னா என்ன அர்த்தம்?

பொய்யி. கண்ணு, அவரு சொல்றதை எழுதாதே. பொய்யி!

எனக்குத் தெரியாதா? என் முதுகுல நின்ன ஆளு. நான் திரும்புறேன், நீங்க எம்புறீங்க. முழுசா எம்புனீங்க, ரெண்டு காலும் தரையில இல்லை. உங்க நகம் என் மணிக்கட்டுல கீறி, ரத்தம் கோடா வந்துச்சே! விட்டுக் குடுக்கிறவன் நகத்தாலயா விட்டுக் குடுப்பான்? கீழ விழும்போது கணுக்கால் பிசகி, நொண்டிக்கிட்டுத்தானே போனீங்க? மறுநாள் காலையில துணி சுத்திக்கிட்டு வந்து ஆடினீங்களே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என்கிட்டப் பேசிட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய் நின்னீங்க. நான் பாத்தேன். மூஞ்சியக் கழுவுற மாதிரி கழுவிக் கழுவி அழுதுக்கிட்டு இருந்தீங்க. தோள்பட்டை குலுங்குச்சு. வேணும்னு தோத்தவன் எதுக்குய்யா ஒளிஞ்சு நின்னு அழணும்?

அது நான் போட்ட கூடை. நீங்க உசுரைக் குடுத்துத் தடுத்தீங்க, அதுக்கும் மேல தூக்கி நான் போட்டேன். அதுல பங்கு கேக்க உங்களுக்கு என்ன உரிமை?

எழுதிக்க கண்ணு. பேரைச் சரியா எழுது, பிலோமினா. சேலத்துல, மில் டீமுக்கு எதிரா, கடைசி நிமிஷத்துல, இருதயராஜைத் தாண்டிப் போட்டாங்கன்னு எழுது. யாரு வந்து கேட்டாலும், மேடையில வச்சுக் கேட்டாலும், நான் அதைத்தான் சொல்லுவேன்.

ஏங்க, எதுக்கு இப்போ சிரிக்கிறீங்க?